‘அவர் ஒண்டை வைச்சிருக்கிறாராம்’: அரசியல்வாதியின் அந்தரங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு வொய்ஸ் கட் கொழும்பைச் சுற்றியது. நான்கு நிமிடம் சொச்சம். ஓர் ஆண் குரல்: நம் தமிழ் அரசியல்வாதி ஒருவருடையது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பெண் குரல்: அவருடைய மனைவியினுடையது அல்ல என்றும் எல்லோரும் சொன்னார்கள். காலையில் வெள்ளவத்தையில் புறப்பட்ட அது, கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவின் போனுக்கு நான் பல் விளக்கி முடிப்பதற்குள் போய்விட்டது. பெரியம்மாவுக்கு எண்பது வயது. பேரனின் பிறந்தநாள் படத்தைத் திறக்கத் தெரியாதவர், இதைத் திறந்து கேட்டுவிட்டார்.

நான் இந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகைகளில் இருபது வருடத்துக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்தவன். அதனால் ‘உங்களுக்குத் தெரிந்திருக்குமே’ என்று தொடங்கி ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னதையும், அந்த நேரத்தில் வாயில் வராமல் வீட்டுக்கு வந்தபிறகு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவருடைய பெயரோ கட்சியோ இந்தப் பக்கத்தில் இல்லை. தேட வேண்டாம்.

அந்தக் குரல் உண்மையிலேயே அவருடையதுதானா?

பொய் என்றால் இது அவதூறு. பேச்சு அத்தோடு முடிந்தது. சில விநாடிக் குரல் கையில் இருந்தால் மீதியைக் கணினியே பேசிவிடும் காலம் இது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டவர் யாரும் பொய்யாக இருக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. ஆகவே உண்மை என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இது குற்றம்தானே? உள்ளே போட முடியாதா?

கேட்டவர் த்ரீவீல் ஓட்டும் தம்பி ஒருவர். முடியாது தம்பி. திருமணத்துக்கு வெளியே தொடர்பு வைத்திருப்பது இலங்கையில் குற்றவியல் குற்றம் அல்ல. நம் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான். ஆனால் அதில் இருந்த பிறன்மனைக் குற்றம் இங்கே வரவில்லை. இந்தியாவில் 497 ஆம் பிரிவு என்று அது 2018 செப்டெம்பர் 27 வரை உயிரோடு இருந்தது. அந்தப் பிரிவைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பிறர் மனைவியோடு உறவு கொண்ட ஆணுக்குத் தண்டனை, அதுவும் அவளுடைய கணவன் சம்மதிக்காவிட்டால் மட்டும். கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை! வீட்டுச் சாமானை இரவல் கொடுக்கும் கணக்கு. உச்ச நீதிமன்றம் ஒருவழியாக அதைத் தூக்கிப் போட்டது.

நம் நாட்டில் இது விவாகரத்துக்கான காரணம். 1907 ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் மூன்று காரணங்கள் உண்டு: திருமணத்துக்குப் பின் வேறொருவருடன் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, திருமணத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை. இந்தச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்தான். குறுக்கே வந்த மூன்றாம் ஆளை இணைப் பிரதிவாதியாகச் சேர்த்து நட்டஈடும் கேட்கலாம். ஒரே நேரத்தில் இன்னொரு திருமணத்தைப் பதிவு செய்தால்தான் அது குற்றம். முஸ்லிம்களின் திருமணச் சட்டம் வேறு, அதில் பலதார மணத்துக்கு இடம் உண்டு.

புதுக்கடைச் சட்டத்தரணி நண்பர் ஒருவர் எனக்கு ஒருமுறை காட்டியது கண்டிச் சிங்களவர்களுக்கான 1952 ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம். அதில் மனைவி வேறொருவனோடு உறவு கொண்டால் கணவன் விவாகரத்துக் கேட்கலாம். கணவன் அதையே செய்தால் மனைவி கேட்க முடியாது. கூடவே அவன் இரத்த உறவுக்குள் தப்பு செய்திருக்கவேண்டும், அல்லது கொடுமை செய்திருக்கவேண்டும். ஆண் செய்வது தனியே ஒரு காரணம் ஆகாது, இன்னொன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. இங்கிலாந்தில் 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே பாரபட்சம் இருந்தது. அவர்கள் 1923 இல் அதைத் திருத்திவிட்டார்கள். 29 வருடம் கழித்து, வெள்ளைக்காரன் போய் நான்கு வருடத்தில், நாம் அதைப் புதிதாக எழுதி வைத்தோம். ஊர்வாய் சொல்வதைச் சட்டப்புத்தகம் அச்சில் போட்ட இடம் அது.

அவருடைய சொந்த விஷயம். நமக்கென்ன?

இதைக் கேட்பவர்களோடு நான் முக்கால்வாசி உடன்படுகிறேன். ஒருவர் யாரை விரும்புகிறார், வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்கு வாக்காளனாகத் தேவையில்லை. நல்ல கணவனாக இருந்து நாட்டை விற்றவர்களையும் பார்த்திருக்கிறோம்.

மிச்சக் கால்வாசியில் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. அவளுக்கு அரச வேலை கொடுத்தாரா? அவளைக் கூட்டிச் சென்ற வாகனத்துக்கு எரிபொருள் போட்டது யார்? வெளிநாட்டுப் பயணத்தில் அவளுடைய டிக்கெட் எந்தக் கணக்கில் போனது? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கோட்டை நன்றாகவே கீறியிருக்கிறது. பொது வேலையோடும் பொது நலனோடும் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத் தர மறுக்கலாம் என்கிறது. வாகன ஓட்டக் குறிப்பேடு அப்படிப்பட்ட தகவல் இல்லை. அதை யாரும் எழுதிக் கேட்கலாம். இத்தனை பேர் இந்த வொய்ஸ் கட்டைப் பகிர்ந்தார்களே, அதில் ஒருவர் ஒரு கடுதாசியை எடுத்து அந்த விண்ணப்பத்தை எழுதினாரா? எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

வேலை, இடமாற்றம், அனுமதிப்பத்திரம் எதையாவது தருவதற்கு உடலைக் கேட்டிருந்தால் அதைத் ‘தொடர்பு’ என்று எழுதக்கூடாது. அது பாலியல் இலஞ்சம். 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதையும் இலஞ்சமாகவே பார்க்கிறது. அந்த முறைப்பாடு போகவேண்டிய இடம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. குடும்ப வாட்ஸ்அப் குழு அல்ல.

கடைசியாக, பொய். 1963 மார்ச்சில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜோன் புரொபியூமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு தமக்குத் தகாத தொடர்பு ஏதுமில்லை என்று பாராளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். 2021 இல் அதே நாட்டின் சுகாதார அமைச்சர் மட் ஹன்கொக், தம் உதவியாளரை அலுவலகத்தில் அணைத்து முத்தமிடும் கமராக் காட்சி வெளியானதும் விலகினார். கொரோனா காலத்தில் எட்டி நில்லுங்கள் என்று ஊருக்கு விதி சொன்னவர் அவர். அந்த விதியை மீறினேன் என்றுதான் மன்னிப்புக் கேட்டார்.

ஏன் எல்லோரும் அந்தப் பெண்ணையே தேடுகிறார்கள்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நான் வழமையாகத் தலைமயிர் வெட்டும் சலூன் இருக்கிறது. வொய்ஸ் கட் வந்த மறுநாள் அங்கே நாலு பேர். முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு ஒருவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆள் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன், இப்பிடி மாட்டிக்கொண்டாரே.” எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு அவரே கேட்டார்: “ஆர் அவள்? புருஷன் இல்லையாமோ? எந்த ஃபிளாட்டில இருக்கிறாளாம்?” மூன்று கேள்வி. மூன்றும் அவளைப் பற்றி. அவருக்கு ‘ர்’ விகுதி, அவளுக்கு ‘ள்’. கத்தி தொண்டையில் இருந்ததால் சற்று நிறுத்தினார், இல்லாவிட்டால் நாலாவதும் வந்திருக்கும்.

தலைப்பில் போட்டிருக்கும் வாக்கியம் பெரியம்மா சொன்னது: “அவர் ஒண்டை வைச்சிருக்கிறாராம்.” இதைத் தமிழ்ப் பாடம் எடுப்பது போல ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எழுவாய்க்கு மரியாதைப் பன்மை. பயனிலைக்கும் மரியாதைப் பன்மை. நடுவில் செயப்படுபொருள் அஃறிணை. ‘ஒருத்தியை’ என்றுகூட இல்லை, ‘ஒண்டை’. தப்பு செய்தவர் என்று சொல்ல வந்த இடத்திலும் அவருடைய மரியாதை குறையவில்லை. அவளுக்கு மனிதப் பிறவி என்ற திணைகூட மிஞ்சவில்லை. ‘வைச்சிருக்கிறார்’ என்பதும் வாகனம் வைச்சிருக்கிறார், கடை வைச்சிருக்கிறார் என்பதில் வரும் அதே வினைதான். வைப்பாட்டி என்ற சொல்லுக்கு ஆண்பால் என்ன? யோசியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பழமொழிக்கும் பஞ்சமில்லை. சேலையில் முள் பட்டாலும், முள்ளில் சேலை பட்டாலும் கிழிவது சேலைதான் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். முள்ளை வெட்டுவது பற்றி ஒரு பழமொழியும் கிடையாது. ஆம்பிளை சேறு கண்டால் மிதிப்பான், தண்ணி கண்டால் கழுவுவான் என்று பையன்களைப் பற்றிச் சொல்கிறோம். இந்த இரண்டையும் ஒரே வாய், ஒரே வீட்டில், ஒரே நாளில் சொல்லும்.

இனி என் பங்கு. பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த நாளிதழ் ஒன்றில், மாகாண மட்ட அரசியல்வாதி ஒருவரையும் ஒரு பெண்ணையும் பற்றிய செய்தி வந்தது. அவர் படம் நம்மிடம் இருந்தது: பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அவள் படம் இல்லை. யாரோ கொண்டுவந்தார்கள், அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து எடுத்த குரூப் போட்டோ. இரவு பத்து மணிக்கு அதில் இருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்தவன் நான். பக்கத்தில் நின்றவருடைய கை அவள் தோளில் இருந்தது. கையை முழுவதும் எடுக்க முடியவில்லை, நாலு விரல் தோளில் நின்றது. நேரமாகிவிட்டது, பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து அவள் வரவேற்பறைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. கைப்பையில் இருந்து முழுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “இந்தக் கை என்ர சிநேகிதியின்ர. காப்புப் போட்டிருக்கிறா. அந்தக் காப்பையாவது வெட்டாமல் விட்டிருக்கலாமே.” அந்த விரல்கள் அவருடையவை என்றே ஊர் முழுக்க நினைத்திருந்தது. நாங்கள் திருத்தம் போடவில்லை. கைக்கு எப்படித் திருத்தம் போடுவது என்று ஆசிரியபீடத்தில் யாரோ பகிடி விட்டார்கள். அவர் அடுத்த தேர்தலில் நின்று வென்றார். அந்தச் செய்தியையும் நான்தான் பக்கத்தில் போட்டேன், அதே மாலைப் படத்தோடு. இப்போது கவனித்தேன், இந்தப் பந்தியிலும் அவருக்கு ‘அவர்’, அவளுக்கு ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை, இருக்கட்டும்.

மேலே சொன்ன புரொபியூமோ கதையிலும் இதேதான். பொய் சொன்ன அமைச்சர் பிறகு லண்டனில் தொண்டு வேலையில் இறங்கினார். 1975 இல் அவருக்கு அரச விருதும் கிடைத்தது. கீலர் இன்னொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பாராளுமன்றத்தில் சொன்ன பொய்க்குச் சிறை இல்லை. 2017 இல் கீலர் இறந்தபோதும் செய்தியின் முதல் வரி 1963 தான்.

அவளும் வளர்ந்த ஆள்தானே? இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால்?

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் பழியும் இரண்டு பேருக்கும் பாதிப்பாதி என்றாவது வரவேண்டும். அதுகூட வருவதில்லை. சம்மதம் என்று சொல்லும்போது யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்றும் பார்க்கவேண்டும். மொனிக்கா லுவின்ஸ்கிக்கு அப்போது 22 வயது, வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்தவர். பில் கிளின்டனுக்கு 49, அந்த நாட்டின் ஜனாதிபதி. 1998 டிசம்பர் 19 இல் பிரதிநிதிகள் சபை அவருக்கு எதிரான குற்றச்சாட்டை நிறைவேற்றியது. சத்தியம் செய்து பொய் சொன்னார், நீதிக்குத் தடை போட்டார் என்பவையே குற்றங்கள். அந்த நாட்களில் எடுத்த காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 73 வீதம்! அடுத்த பெப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. லுவின்ஸ்கியின் பெயர் உலகம் முழுக்க இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகளின் தீனியாகிப் பல வருடம் ஓடியது.

கிளின்டனைத் துரத்தியவர்களையும் பாருங்கள். சபாநாயகராகத் தயாராக இருந்த பொப் லிவிங்ஸ்டன், தம் சொந்தத் தொடர்புகள் வெளியே வந்ததால் அதே டிசம்பர் 19 இல் ஒதுங்கிக்கொண்டார். அதுவரை சபாநாயகராக இருந்த நியூட் கிங்ரிச், அந்த நாட்களில் தமக்கும் ஒரு தொடர்பு இருந்தது என்று 2007 இல் ஒப்புக்கொண்டார்.

அவுஸ்திரேலியாவில் 2018 இல் துணைப் பிரதமர் பார்னபி ஜொய்ஸின் விவகாரம் வெடித்தபோது, மணமானவரோ இல்லையோ, அமைச்சர்கள் தம் ஊழியர்களோடு உடலுறவு வைக்கக்கூடாது என்று பிரதமர் நடத்தை விதியையே மாற்றினார். கட்டிலைப் பற்றிய விதி போலத் தெரியும். உண்மையில் அது சம்பளப் பட்டியலைப் பற்றிய விதி.

இதையே ஒரு பெண் அரசியல்வாதி செய்திருந்தால்?

செய்யவே தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிந்து கட்சிக்காரரின் வாகனத்தில் இருந்து இறங்கும் ஒரு படம் போதும்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்ற விதி முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 2018 பெப்ரவரித் தேர்தலில். கட்சிகள் பெண்களைத் தேடி அலைந்தன. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரையும் கேட்டார்கள். நன்றாகப் பேசுவார், கணக்கு வழக்கில் கெட்டிக்காரி. கணவர் கேட்ட முதல் கேள்வி, “இரவுக் கூட்டத்துக்கு ஆர் ஏத்தி இறக்கிறது?” அத்தோடு அவருடைய அரசியல் முடிந்தது. ஆண் வேட்பாளர் எவரிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் காணவில்லை.

உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 இல் வந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். இன்று 225 பேர் உள்ள பாராளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லை. பின்னாளில் கொழும்பின் முதல் பெண் மேயரான ரோசி சேனாநாயக்க, பாராளுமன்றத்தில் அமைச்சர் ஒருவரிடம் கேள்வி கேட்டபோது, பதில் வரவேண்டிய இடத்தில் அவருடைய அழகைப் பற்றிய பேச்சு வந்தது. சபையில் சிரிப்பும் இருந்தது.

எங்கள் பெரிய தலைவர்களுக்கே இரண்டு குடும்பம் இருந்ததே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

கடல் கடந்த உதாரணத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கலைஞர் கருணாநிதியின் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தயாளு அம்மாளை ‘மனைவி’ என்றும் ராஜாத்தி அம்மாளைத் ‘துணைவி’ என்றும் எழுதின. நாங்களும் இங்கே அப்படியே எடுத்துப் போட்டோம். ஒளிக்கவில்லை, மறுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு பெண் தலைவருக்குக் கணவரும் ‘துணைவரும்’ என்று எந்தப் பத்திரிகையாவது அத்தனை இயல்பாக எழுதுமா?

அதே ஊரில் 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆரின் இறுதி ஊர்வலம். உடல் வைத்திருந்த பீரங்கி வண்டியில் ஏறிய ஜெயலலிதா தள்ளி இறக்கப்பட்டார். அவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினர், கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராக இருந்தவர். அந்தப் பதவிகள் ஒன்றும் வண்டியில் நிற்பவர்களின் கண்ணில் படவில்லை. பின்னால் முதலமைச்சராக வந்தார் என்பது வேறு கதை.

மனைவி ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை? அவர் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறாரே?

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் பெண்கள். எங்கே போகச் சொல்கிறீர்கள்? யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மனைவி, தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கே கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். பிள்ளைகளின் பாடசாலை, அவர் பெயரில் இருக்கும் ஃபிளாட், ‘எங்கட குடும்பத்தில இப்பிடி ஒண்டும் நடந்ததில்லை’ என்று சொல்லும் தாய் வீடு, எல்லாம் கணக்கில் வரும்.

நின்றால் மானமில்லாதவள், போனால் குடும்பத்தைக் கலைத்தவள். கண்ணகி கோவலன் பின்னே மதுரைக்கு நடந்தாள், அங்கே போனபிறகுதான் ஒரே வரியில் அவனை நொந்துகொண்டாள். மட்டக்களப்பில் அவளுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. சிங்களவருக்கு அவளே பத்தினித் தெய்வம், கொழும்புக்குப் பக்கத்தில் நவகமுவையில் கோயில். கோவலன் செய்ததை ஊழ் என்று தள்ளிவிட்டோம். நம் அரசியல்வாதிக்கும் இதே சலுகைதான் கிடைக்கிறது. வியாழக்கிழமை அவர் மனைவியோடு கோயிலுக்குப் போன படம் வந்தது. கீழே நூற்றுக்கணக்கில் கைகூப்பும் பொம்மைகள்.

இப்படியான விஷயம் தேர்தல் நெருங்கும்போது மட்டும் எப்படி வெளியே வருகிறது?

நல்ல கேள்வி. பலர் எதிர்க்கட்சியைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் அதே பட்டியலைப் பார்ப்பேன். நம் தேர்தல் முறையில் கட்சிக்கு ஒரு வாக்கு, பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. ஒவ்வொரு பட்டியலிலும் தெரிவாக வேண்டியவர்களைவிட மூன்று பேர் கூடுதலாக நிற்பார்கள். ஆகவே ஒருவருக்கு முதல் போட்டி மறுகட்சிக்காரன் அல்ல, தன் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சகா. அவருடைய சாரதி யார், எந்த நம்பருக்கு இரவில் பேசுவார் என்பதெல்லாம் தெரிந்தவரும் அந்தச் சகாதான். கொழும்பில் தமிழ் வாக்கை நம்பி நிற்பவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், வாக்கும் அளவாகத்தான் இருக்கிறது. ஒருவருடையது குறைந்தால் இன்னொருவருக்குக் கூடும்.

ஒலிப்பதிவு எடுக்கப்பட்ட நாளையும் வெளிவந்த நாளையும் பாருங்கள். இடையில் எட்டு மாதம் என்றால், அந்த எட்டு மாதமும் யாரோ ஒருவருக்கு அந்த ஒழுக்கக்கேடு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

சிங்களவர்களுக்கு முன்னால் எங்கட மானம் போகுதே, மூடி வைப்பது நல்லதில்லையா?

இது கொழும்புக்கே உரிய கேள்வி. பெரும்பான்மைச் சமூகத்து அரசியல்வாதி மாட்டினால் அது அவருடைய தப்பு. நம்மவர் மாட்டினால் அது இனத்தின் மானம். சிங்களக் கொசிப் தளங்களில் அவர் படம் வந்ததும் நம்மவர்களின் பேச்சு மாறிவிட்டது. முதல் நாள் “சீ” என்றவர்கள், மூன்றாம் நாள் “இருக்கிற ஒரு சீட்டையும் இல்லாமல் செய்யப் போறியளோ?” என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. நமக்கு இருக்கும் இடங்கள் அத்தனை குறைவு. ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே ஒளிந்து இருப்பவர் அவர். அந்தப் பெண்ணும் தமிழ்தான். அவளுடைய மானம் இனத்தின் மானக் கணக்கில் ஏன் சேரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அவர் ராஜினாமா செய்யவேண்டுமா?

அரச காசோ, பதவியைக் காட்டிய நெருக்குதலோ, சபையில் சொன்ன பொய்யோ இருந்தால், ஆம். இல்லையென்றால் அதை அவருடைய கட்சியும் வாக்காளரும் பார்த்துக்கொள்ளட்டும்.

சிங்கப்பூரில் வேறு மாதிரி. 2023 ஜூலை 17 இல் சபாநாயகர் டான் சுவான் ஜின்னும் அவருடைய ஆளும் கட்சியைச் சேர்ந்த எம்.பி. செங் லி ஹுயியும் ஒரே நாளில் விலகினார்கள். இரண்டு நாளில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிலும் லியோன் பெரேரா, நிக்கோல் சியா இருவரும் விலகினார்கள். ஆணும் போனார், பெண்ணும் போனார், இரண்டு கட்சியும் ஒரே வாரம். அந்தச் சமன் நமக்கு அதிசயமாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் அப்போதைய பிரதமர் லீ, சபாநாயகரின் தொடர்பு தமக்கு முன்னரே தெரியும் என்று ஒப்புக்கொண்டபோது, இத்தனை காலம் ஏன் பொறுத்தீர்கள் என்ற கேள்வி வந்தது. அந்த அளவு கண்டிப்பை நான் இங்கே கேட்கமாட்டேன். கேட்டால் முதலில் வேலை போவது எந்தப் பெண்ணுக்கோ என்ற பயம்.

எனக்கும் அந்த வொய்ஸ் கட் வந்துவிட்டது. என்ன செய்ய?

அழித்துவிடுங்கள். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் ‘இதை எனக்கு அனுப்பாதேங்கோ’ என்று ஒரு வரி போடுங்கள். 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குறை நிறைய உண்டு. ஆனால் ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவதை அது குற்றமாக்கியிருக்கிறது. அவளுடைய முகவரியைக் குழுவில் போட்ட நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் குரலோ படமோ இப்படிச் சுற்றுகிறது என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், கணினிக் குற்றப் பிரிவிலும் முறையிடலாம்.

இவ்வளவும் சொல்கிறீர்களே, நீங்கள் அதைக் கேட்டீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் மகள்.

கேட்டேன். முழுவதும். இரண்டு தடவை. எல்லோரும் பேசும் அந்தப் பகுதி ஒரு நிமிடம்கூட இல்லை. மூன்றாவது நிமிடத்தில் அவள் பக்கத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. “இருங்கோ, வாறன்” என்று அவள் போனை எங்கோ வைத்துவிட்டுப் போகிறாள். அடுப்பு அணையும் சத்தம். ஒரு பிள்ளை ஏதோ கேட்கிறது, அவள் “முதல்ல கையைக் கழுவு” என்கிறாள். இந்தப் பக்கம் அவர் சும்மா இருக்க முடியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகிக்கொண்டு காத்திருக்கிறார். அதை வெட்டி அனுப்பியவர் இந்தத் துண்டை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்.